ஓய்வில் உள்ள வண்டி

மலைத்தோட்டத் தொழிலாளர் நலக் கழகத்தில் சாவி என்பது சாமானியப்பட்ட விஷயம் அல்ல. கழகத்துக்குச் சொந்தமான எந்தச் சாவியும் முதலில் குன்னூர் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே அதற்கு வெள்ளைத் துணி சுற்றி, நூல் கட்டி, அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை குத்துவார்கள். நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்றும் கூடவே தொங்கும். எந்தக் காலத்திலோ ஒரு ஜீப் டிரைவர் கள்ளச்சாவி போட்டு, ஜீப்பை மாமியார் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம். ஜீப் அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. விதி மட்டும் வந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

தேவாலா டிவிஷனுக்கு நோயாளிகளை ஏற்றிப்போகப் புதுக் கார் வந்தபோது அதில் சாவித் துவாரமே கண்ணில் படவில்லை. உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு ரிமோட் ஒன்றுதான் கொடுத்தார்கள். அமுக்கினால் கதவு திறக்கும். அது சட்டைப்பையில் இருந்தால் போதும், உள்ளே இருக்கும் பொத்தானைத் தட்டினால் இன்ஜின் எடுக்கும். கழகம் இதற்கெல்லாம் அசருகிற கழகமா? ரிமோட்டுக்கும் துணி சுற்றி, பொத்தான்களுக்கு மட்டும் கண் விட்டு, மிச்ச இடமெல்லாம் கொதிக்கக் கொதிக்க அரக்கு ஊற்றி அனுப்பிவைத்தது. அந்தச் சூட்டிலும் அது மூன்று வருஷம் வேலை செய்தது என்றால், அதைச் செய்தவனுக்குத்தான் விருது கொடுக்க வேண்டும்.

அந்த வண்டிக்கு டிரைவர் சசிதரன். பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்டில் ஓட்டுகிறான். அவனை நிரந்தரம் செய்யும் ஆர்டர் தயாராக இருப்பதாகவும், ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி என்றும் நான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவனும் நம்பிக்கொண்டிருக்கிறான். தோட்டம் கொடுக்கிற வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன் அதை நம்பாமல் வேறு எதை நம்புவான்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு அந்த ரிமோட் செத்துப்போனது. அமுக்கினான். கதவு திறக்கவில்லை. உள்ளங்கையில் தட்டி, சட்டையில் தேய்த்து, ஊதி, மறுபடி அமுக்கினான். மழை பெய்துகொண்டிருந்தது. கார் பாட்டுக்கு நனைந்துகொண்டு நின்றது.

பக்கத்தில் குடையோடு பாலாமணி நின்றிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. சிறு பிள்ளையாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். பதினாறு வயது முதல் கூடை சுமந்து தேயிலைக் கொழுந்து பறித்தவள். இப்போது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் ஊட்டி பெரிய ஆஸ்பத்திரியில் எட்டரை மணிக்கு அவளுக்கு டயாலிசிஸ். கூடலூர் வழியாகக் காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ்ஸில் போனால் பத்துக்கு முன்னால் போய்ச் சேர முடியாது. அதற்குள் மிஷின் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"என்ன தம்பி, தொறக்க ஏலாதா?" என்றாள்.

"ஒரு நிமிசங்க்கா."

அந்த ஒரு நிமிஷம் ஏழு மணி வரை நீண்டது. சசிதரன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். இன்றைக்கு இனி இடமில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் வரவேண்டும், அதுவரை தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லுங்கள், இன்னொரு தடவை விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று நர்ஸ் சொன்னாள். சசிதரன் அதை அப்படியே பாலாமணியிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போய்விடலாம் என்று மட்டும் சொன்னான்.

கடை திறந்ததும் தேவாலா பஜாரில் வாட்சும் செல்போனும் ரிப்பேர் பார்க்கும் தங்கையாவிடம் ஓடினான். தங்கையா ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதலில் அது ரிமோட் என்றே அவனுக்கு விளங்கவில்லை.

"இது என்னடா, தபால் பார்சலா? உள்ள பேட்டரி தீந்திருக்கு. அரக்கை எடுத்தா ரெண்டு நிமிச வேலை. பேட்டரி மாத்தாட்டியும் பரவால்ல. பக்கத்துல ஒரு குட்டிச் சாவி ஒளிஞ்சிருக்கும், இழுத்தா வரும். கைப்பிடி மூடிக்கு அடியில துவாரம் இருக்கும், அதை வெச்சுக் கதவைத் தொற. உள்ள உக்காந்து ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டிப் புடிச்சுகிட்டு அமுக்கு. வண்டி எடுத்துரும். இதெல்லாம் வண்டியோட வந்த புஸ்தகத்துலயே போட்டிருப்பானே, படிக்கலையா?"

"புஸ்தகம் வண்டிக்குள்ள இருக்கு."

"சரி, அரக்கை ஒடைக்கட்டுமா?"

சசிதரன் வெடுக்கென்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான். முத்திரையை உடைத்தால் வேலை போய்விடும். விதி எண் ஒன்பது. ஆக, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கே என்ன கோளாறு, எப்படிச் சரி செய்வது என்பதெல்லாம் தெரிந்துபோயிற்று. அதற்கு மேல் நடந்ததெல்லாம் அனுமதி வாங்குகிற வேலை.

டிவிஷன் அலுவலகத்தில் சூப்பிரண்டு கருணாகரன் இருந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். மரியாதை தெரிந்தவர். யாரிடமும் இல்லை என்று சொல்லமாட்டார். ஆமாம் என்றும் சொன்னதில்லை.

"ஏனுங்க சசி, நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. பேட்டரிங்கறது உபயோகப் பொருள். சாவிங்கறது சொத்து. சொத்துக்குள்ளாற இருக்கற உபயோகப் பொருளை எந்த ரிஜிஸ்டர்ல கொண்டு போறதுங்க? நாளைக்கு ஆடிட்காரன் வந்து என்னைய கேப்பானுங்கள்ல?"

"சார், வெள்ளிக்கிழமை பாலாமணி அக்காவைக் கூட்டிட்டுப் போகணும். தள்ளிப்போட முடியாது."

"அதுக்குத்தானுங்க ஃபாரம் இருக்குது." அவர் கோளாறு அறிக்கைப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மூன்று பக்கம். முதல் கேள்வியே, கோளாறு ஏற்பட்ட நேரத்தில் கிலோமீட்டர் மீட்டர் காட்டிய எண்.

"சார், அது வண்டி ஸ்டார்ட் ஆனாத்தானே தெரியும்?"

"ஆமாங்க."

"ஸ்டார்ட் ஆகலைன்னுதானே இந்த ஃபாரம்?"

கருணாகரன் அவனை வாத்சல்யத்தோடு பார்த்தார். "இந்த ஃபாரத்தைப் போட்டவங்க நம்மளவிடப் படிச்சவங்கங்க" என்றார்.

சசிதரன் திங்கட்கிழமை டைரியில் எழுதியிருந்த எண்ணைப் போட்டான். அது நேற்றைய எண் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வண்டி நகரவே இல்லையே, நேற்றும் இன்றும் ஒரே எண்தானே என்றான். அதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். சாயங்காலம் டார்ச் அடித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்து எழுதுவதற்கு இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர்கள் கறுப்பாக இருக்கிற திரையைப் பார்த்து, கறுப்பாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வாடகை ஜீப் பிடிக்கலாம் என்றால் அதற்கு விதி எண் பதினான்கு இருந்தது. வேறு வாகனத்தில் போய்வர இயலும் என்று நிரூபித்தவரின் பெயர் பயனாளிகள் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஒரு தடவை ஜீப்பில் போனால் பாலாமணி ஆயுசு முழுக்க ஜீப்பில்தான் போகவேண்டும். லயத்தில் யாரால் அது முடியும்?

புதன்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து சசிதரன் குன்னூர் போனான். ரிமோட்டைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டைப்பையில் வைத்து, மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தான். நாலு மணி நேரப் பயணம் முழுக்க ஒரு கை அதன்மேலேயே இருந்தது. அரக்கில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

தலைமை அலுவலகத்தில் துணை மேலாளர் ஷண்முகப்ரியா அவனை உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். அவனுக்கே வியப்பாக இருந்தது. ரிமோட்டை மேஜைமேல் வைத்தான். அவர் முதலில் முத்திரையைப் பரிசோதித்தார்.

"முத்திரை நல்லா இருக்குதுங்களே. அப்புறம் என்ன பிரச்சினைங்க?"

"வண்டி திறக்கலைங்க மேடம்."

"வண்டியைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க மேடம். திறக்கலைங்க."

"வண்டியைப் பார்க்காம அதுல கோளாறுன்னு நான் எப்படிங்க எழுத முடியும்? ஒரு தடவை கொண்டு வந்து காட்டிட்டீங்கன்னா ஈஸியா முடிஞ்சுரும்."

சசிதரன் டீயைக் குடித்தான். இன்னொரு ரிமோட் இருக்குமே, அதைக் கொடுத்தாலும் போதும் என்றான். அது முத்திரை சரிபார்ப்புக்காகச் சென்னை போயிருக்கிறது, மூன்று வருஷம் ஆகிறது, நினைவூட்டல் கடிதம் மாதா மாதம் போகிறது என்றார் ஷண்முகப்ரியா. கடிதங்களின் நகலையும் எடுத்துக் காட்டினார். வரிசையாக, தேதிவாரியாக, ஒன்றுகூட விடாமல் இருந்தன.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "உங்ககிட்டச் சொல்றதுல என்னங்க. சனிக்கிழமை நம்ம கழகத்துக்குக் கேடயம் கொடுக்கறாங்க. ஐந்நூறு நாளா ஒரு வண்டிகூடப் பழுதாகலைங்கறதுக்கு. எங்க டைரக்டர் ஸ்பீச் எல்லாம் அடிச்சாச்சு. இந்த நேரத்துல பழுதுன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அத்தனை பேரோட உழைப்பும் வீணாப் போயிருமுங்க. நீங்களும் நம்ம குடும்பம்தானே? அதனால பழுதுன்னு எழுதாதீங்க. ஓய்வில் உள்ளதுன்னு எழுதிக் குடுங்க. ஓய்வுல இருக்கற வண்டியைப் பார்க்க நாளைக்கே கமிட்டி அனுப்பறேன்."

அவன் எழுதிக் கொடுத்தான். உங்கள் நிரந்தர ஆர்டர்கூட என் மேஜைக்குத்தான் வரும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதும் ஒரு காரணம். அந்தச் சிரிப்பை நினைத்து அவன் திரும்பி வரும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கமிட்டி வந்தது. மூன்று பேர், மூன்று கார். மூன்று காரும் ஒழுங்காகத் திறந்தன, மூடின. தலைவர் இணைப் பொது மேலாளர் மனோகரன். கம்பளிக் கோட்டு, மப்ளர். அவர் வருகிறார் என்று பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கிற இடத்தில், கொழுந்துக்குப் போக வேண்டிய பெண்களை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கமிட்டி காரைச் சுற்றி வந்தது. டயரை உதைத்துப் பார்த்தது. நம்பர் பலகையை வாசித்தது. காரின் வர்ணம் பதிவேட்டில் உள்ளபடி வெள்ளைதானா என்பதில் ஒரு உறுப்பினருக்குச் சந்தேகம் வந்தது. கழுவிப் பார்த்தார்கள். வெள்ளைதான். பார்வையிட்ட வரையில் வாகனம் நல்ல நிலையில் உள்ளது என்று எழுதினார்கள். கதவைத் திறந்து பார்ப்பது கமிட்டியின் வரம்புக்குள் வராது.

பிறகு மனோகரன் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று பேசினார்.

"தாய்மார்களே! இந்த வண்டி ஓடவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், எத்தனையோ தோட்டங்களில் ஓடாமல் நிற்பதற்குக்கூட வண்டி இல்லையே! உங்களுக்கு நிற்பதற்கென்றே ஒரு வண்டியைக் கழகம் கொடுத்திருக்கிறது. நோய் இன்று வரும், நாளை போகும். நோயாளிகளும் அப்படித்தான். ஆனால் விதி என்பது நிரந்தரம். விதிகளைக் காப்பாற்றினால், விதிகள் கழகத்தைக் காப்பாற்றும். கழகம் இருந்தால்தானே உங்களுக்கு நலம்?"

கருணாகரன் கை தட்டினார். பெண்களும் தட்டினார்கள். தட்டினால் சீக்கிரம் விடுவார்கள் என்று அவர்களுக்கு அனுபவம்.

சசிதரன் ரிமோட்டை நீட்டினான். "சார், இந்த அரக்கை மட்டும் உடைக்கச் சொல்லுங்க. இங்கயே, உங்க முன்னாடியே. ரெண்டு நிமிசம்தான்."

மனோகரன் பின்வாங்கினார். "நான் எப்படிப்பா உடைக்க முடியும்? முத்திரை அலுவலர்னு தனியா ஒரு போஸ்ட் இருக்கு. அவர்தான் வைக்கணும், அவர்தான் உடைக்கணும்."

"அவரை வரச் சொல்லுங்க சார்."

"போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டார். ஆள் போடலை. போடணும்னு எழுதியிருக்கோம்."

அதற்குள், பயனாளி ஒருவர் காரோடு நிற்கிற மாதிரி போட்டோ வேண்டும், சனிக்கிழமை விழா மலருக்கு என்று யாரோ சொன்னார்கள். பாலாமணியைக் கூப்பிட்டார்கள். அவள் முகம் ஊதியிருந்தது. கால் செருப்புக்குள் நுழையவில்லை, வெறுங்காலோடு வந்தாள். பத்தடி நடப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். மூடிய கதவின் கைப்பிடியில் கைவைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து, சொன்னபடி சிரித்தாள். சசிதரன் அங்கே நிற்க முடியாமல் தேயிலை ஃபாக்டரிப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பாலாமணியால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி வாயைத் திறந்து மூச்சுக்கு அலைந்தாள். மகள் ரஞ்சனி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தாள். அக்கம்பக்கத்தார்தான் சுற்றி நின்றார்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். அது வேறொரு கேசுக்குப் போயிருந்தது, வர ஒரு மணி நேரம் ஆகும்.

சசிதரன் வாசலில் நின்றான். பதினோரு வருஷம் அவன் மனசில் ஓடியது என்று சொன்னால் பொய். உண்மையில் ஓடியது மனைவிக்கு அடுத்த மாதம் வரும் பிரசவம், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது, அப்புறம் பாலாமணியின் அந்த மூச்சுச் சத்தம். மூன்றாவதுதான் சத்தமாகக் கேட்டது. பக்கத்து வீட்டுச் சின்னராஜிடம் கவாத்துக் கத்தியை வாங்கினான். தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி, நல்ல கூர். ரிமோட்டைப் படிக்கல்லில் வைத்து ஒரே போடு. அரக்கு சில்லுச் சில்லாகத் தெறித்தது.

தங்கையா சொன்னது ஒரு எழுத்துப் பிசகவில்லை. பக்கத்திலிருந்து குட்டிச் சாவி வந்தது. கதவு திறந்தது. ரிமோட்டைப் பொத்தான்மேல் ஒட்டிப் பிடித்து அமுக்கினான், இன்ஜின் உறுமியது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிஷத்துக்காக மூன்று நாள் நடந்திருக்கிறான் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையும் வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது. அதை உரக்கவே சொன்னான்.

எட்டேகாலுக்கு ஊட்டியில் பாலாமணியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். மத்தியானம் அவள் கண்ணைத் திறந்து, "சாப்டியா தம்பி?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை கழகம் கேடயம் வாங்கியது. திங்கட்கிழமை கழகம் விசாரணை வைத்தது. டிவிஷன் அலுவலகத்தில் மனோகரனே வந்து உட்கார்ந்தார். மேஜைமேல் அரக்குத் துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. பைக்கும் முத்திரை வைக்க ஆசைப்பட்டார்கள், அலுவலர் இல்லாததால் ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள்.

"சசிதரன், நீங்க ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க. கழகம் அதைப் பாராட்டுது. அது வேற ஃபைல்" என்றார் மனோகரன். "இது முத்திரை ஃபைல். உயிர் எல்லாருக்கும் இருக்கு. முத்திரை கழகத்துக்கு ஒண்ணுதான். வண்டி ஐந்நூறு நாளா பழுதாகலை, கேடயமே இருக்கு. பழுதாகாத வண்டியோட சாவியை நீங்க எதுக்கு உடைச்சீங்க?"

அதற்குச் சசிதரனிடம் பதில் இருந்தது. பதில் எழுதுவதற்குத்தான் படிவத்தில் இடம் இல்லை.

சாட்சியாகப் பாலாமணியை அழைத்திருந்தார்கள். கருணாகரன் எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். செவ்வாய்க்கிழமை வாகனம் தயாராக இருந்தது, உடம்பு தேவலையாக இருந்தபடியால் நானேதான் போகவில்லை, வெள்ளிக்கிழமை முத்திரையை உடைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"இதுல நான் எப்புடிங்கய்யா கையெழுத்து வைக்கிறது? அந்தப் புள்ள இல்லாட்டி நான் இன்னைக்கு மண்ணுக்குள்ள."

"அம்மா, கட்டாயம் ஒண்ணும் இல்லைங்க" என்றார் கருணாகரன். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஆனா கையெழுத்துப் போடலைன்னா வண்டி அன்னிக்கிப் பழுதுன்னு ஆகுமுங்க. பழுதான வண்டியில நோயாளியை ஏத்தக் கூடாதுங்க. அப்புறம் நாளைக்கி நீங்க எப்படிங்க போவீங்க?"

பாலாமணி திரும்பி சசிதரனைப் பார்த்தாள். அவனுக்கு ஆத்திரமாக வந்தது, அவள்மேல் இல்லை. மேஜையைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. கையைக் கட்டிக்கொண்டான்.

"போடுங்கக்கா" என்றான். "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை."

"ஏலாது தம்பி."

"போடுங்க. எனக்கு எப்படியும் போச்சு. ரெண்டு பேருக்கும் எதுக்குப் போகணும்?"

அவள் பேனாவைப் பிடித்து, எழுத்துக் கூட்டி, தன் பெயரை எழுதினாள். சசிதரன் விசாரணைக்கு நல்ல முறையில் ஒத்துழைத்தார் என்று மனோகரன் குறிப்பெழுதச் சொன்னார். அதன்பிறகு அவனை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு வந்தது. நான்கு வருஷமாக வராத கையெழுத்து அதில் பளிச்சென்று இருந்தது. கூடவே இன்னொரு உத்தரவும் வந்தது. முத்திரை உடைந்த சாவிக்குரிய வாகனம் விசாரணையின் சான்றுப் பொருள் ஆகிறது. மேல் நடவடிக்கை முடியும்வரை அதை யாரும் எடுக்கக் கூடாது. கார் மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டினார்கள்.

சாயங்காலம் முழுக்கச் சசிதரன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கெஞ்சி, செவ்வாய்க்கிழமை பதினொரு மணி மிஷினை வாங்கினான்.

காலையில் தேவாலா பஸ் ஸ்டாப்பில் பாலாமணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன் தம்பி. அதுவும் சும்மா பண்ணிட்டேன்" என்றாள்.

"குளிருது, சால்வையை நல்லாப் போத்திக்குங்க" என்றான் அவன்.

பஸ் வந்தது, ஏறக் காத்திருந்த கூட்டம் பெரிது. சசிதரன் முண்டியடித்து ஏறி, ஜன்னலோர சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு, அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்தான். கண்டக்டருக்கு அவனைத் தெரியும்.

"என்ன டிரைவரே, பஸ்ஸுல வர்றீங்க? இன்னிக்கு லீவா?"

"ஆமாங்க, லீவு" என்றான் சசிதரன். "ஊட்டி, ரெண்டு டிக்கெட்."